போர் தண்ணீரில் செடித் தொட்டி: சோதிப்பதும் சரிசெய்வதும்

செடி வைத்த மீன் தொட்டி தொடங்குகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது பெரும்பாலும் "பிஹெச் எவ்வளவு இருக்கணும் அண்ணா?" என்பதைத்தான். கடைக்காரரும் ஏழு என்று சொல்லி, பிஹெச் குறைக்கும் மருந்து ஒரு பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுவார். அந்த பாட்டில் தேவையில்லை. பிஹெச் என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்; தண்ணீரில் கரைந்திருக்கும் இரண்டு மூன்று பொருட்கள் சேர்ந்து தரும் விடைதான் அது. அந்தப் பொருட்களைத் தொடாமல் விடையை மட்டும் இழுத்து வைத்தால், ஓரிரு நாளில் அது பழைய இடத்துக்கே போய்விடும். போய்வரும் வழியில் அடிபடுவது மீன்.

அதனால் இங்கே பிஹெச்சைக் கடைசியில்தான் தொடப்போகிறோம். சென்னையிலும் அதுபோன்ற ஊர்களிலும் பல வீடுகளில் இருக்கிற நிலைமையை வைத்து எழுதுகிறேன்: புழங்கப் போர் தண்ணீர் (ஆழ்துளைக் கிணற்று நீர்), இடையிடையே மெட்ரோ தண்ணீர் (குடிநீர் வாரியம் தருவது), குடிக்க ஆர்ஓ அல்லது கேன். கணக்கெல்லாம் 100 லிட்டர் தண்ணீருக்கு. உங்கள் தொட்டி 60 லிட்டர் என்றால் அதற்கேற்ப குறைத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் மொத்தக் கொள்ளளவில் மண்ணும் கல்லும் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என்ன வாங்குவது

முக்கி எடுத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப்புகள் மலிவு, வேகமும்கூட. ஆனால் ஏதோ இருக்கிறது என்று காட்டுமே தவிர, எவ்வளவு என்பதை நம்பும்படி காட்டாது. சொட்டு விட்டுப் பார்க்கும் திரவக் கிட்டையே வாங்குங்கள். வேண்டியவை ஆறு சோதனைகள்: அமோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச், ஜிஎச், கேஎச். ஏபிஐ நிறுவனத்தின் நன்னீர் மாஸ்டர் கிட்டில் முதல் நான்கும் இருக்கும். ஜிஎச், கேஎச் இரண்டும் தனிப் பெட்டி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கக் கையில் பணம் இல்லையென்றால் முதலில் ஜிஎச், கேஎச் பெட்டி, அடுத்து அமோனியா, அதன் பிறகு மற்றவை. செடித் தொட்டிக்கு என் வரிசை இதுதான்.

ஜிஎச் என்பது தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும். வாளியில் வெள்ளையாகப் படிவதும், சோப்பு நுரைக்காமல் போவதும் இதனால்தான். கேஎச் என்பது கார்பனேட், பைகார்பனேட். அமிலம் சேர்ந்தாலும் பிஹெச் சட்டென்று இறங்கிவிடாமல் தாங்குவது இது. இரண்டையும் டிகிரியில் சொல்வார்கள். ஒரு டிகிரி என்பது கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 17.9 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்). இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கும் என்று நினைத்துவிடாதீர்கள், தனித்தனியாகவும் மாறும்.

கூடவே ஒரு டிடிஎஸ் பேனா, அதாவது தண்ணீரில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் கருவி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பயனும் உண்டு. ஆனால் அது தராசு மாதிரி: பையின் எடையைச் சொல்லும், உள்ளே அரிசியா உப்பா என்று சொல்லாது. கடலோரப் பகுதியில் போர் தண்ணீரின் டிடிஎஸ் 1,200 காட்டலாம், ஜிஎச் வெறும் 10 இருக்கலாம். மீதியில் பெரும்பகுதி சோடியம் குளோரைடு, அதாவது நாம் சாப்பிடும் உப்பு. அதே 1,200 உள்பகுதி ஊர் ஒன்றில் முழுக்கச் சுண்ணாம்பாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

முதல் படி: தொட்டியை விடுங்கள், குழாயைச் சோதியுங்கள்

தொட்டி வாங்கும் முன்பே இதைச் செய்துவிடலாம். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு தண்ணீரையும் தனித்தனி வாளியில் பிடியுங்கள். போர், மெட்ரோ, ஆர்ஓ, லாரி வருமென்றால் அதுவும். பிடித்த உடனே பிஹெச், ஜிஎச், கேஎச், நைட்ரேட், டிடிஎஸ் பார்த்து எழுதி வையுங்கள். அப்புறம் அந்த வாளிகளைத் திறந்தே வைத்து, முடிந்தால் ஏர் பம்ப் போட்டு, 24 மணி நேரம் கழித்து பிஹெச்சை மட்டும் மறுபடி பாருங்கள்.

இந்த இரண்டாவது அளவுதான் உண்மையான பிஹெச். நிலத்தடி நீரில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் கரைந்திருக்கும். மேலே வந்ததும் அது காற்றில் வெளியேற, பிஹெச் ஏறும். குழாயடியில் 7.2 காட்டிய தண்ணீர் மறுநாள் 8 காட்டுவது சகஜம். கிட் கெட்டுப்போய்விட்டது என்று பயந்து புதிது வாங்காதீர்கள்.

நைட்ரேட்டைக் குழாய்த் தண்ணீரில் யாரும் பார்ப்பதில்லை. ஆனால் கழிவுநீர் கசியும் நகரப் பகுதிகளிலும், உரம் அதிகம் போடும் விவசாயப் பகுதிகளிலும் நிலத்தடி நீரிலேயே நைட்ரேட் இருக்கும். இந்தியக் குடிநீர்த் தரம் 45 பிபிஎம் வரை அனுமதிக்கிறது. உங்கள் போர் தண்ணீரிலேயே 40 இருந்தால், எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும் தொட்டி 40-க்குக் கீழே இறங்கப்போவதில்லை. செடி அதைத் தின்றால்தான் உண்டு. யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புப் பாறைக்குள்ளிருந்து வரும் கிணற்றுத் தண்ணீரில் கடினத்தன்மை, நைட்ரேட் இரண்டுமே பெரிய பிரச்சினை. அங்கே தொட்டி வைப்பவர்கள் இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல கட்டடங்களில் போர் தண்ணீருக்கு சாஃப்ட்னர் வைத்திருப்பார்கள். அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடுகிற இயந்திரம். குளியலுக்கும் கீசருக்கும் நல்லது. தொட்டிக்கு மோசம். ஜிஎச் ஒன்று, கேஎச் 15, டிடிஎஸ் 900 என்று பொருந்தாத எண்கள் வந்தால் சாஃப்ட்னர்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். செடிக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் போய், வேண்டாத சோடியம் நிறைய இருக்கும். சாஃப்ட்னருக்கு முன்னால் ஒரு குழாய் இருக்கிறதா என்று பராமரிப்பு ஆளிடம் கேட்டுப் பாருங்கள்.

மெட்ரோ தண்ணீர் பொதுவாகப் போர் தண்ணீரை விட மென்மை. ஆனால் இரண்டு சங்கடங்கள். ஒன்று, அதில் குளோரின் இருக்கும், இருக்கவும் வேண்டும். கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் கரைசலை பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி விட்டால் போதும். வெறும் குளோரின் என்றால் ஏர் பம்ப் ஓட ஒரு நாள் திறந்து வைத்தாலே போய்விடும்; குளோரினோடு அமோனியா சேர்ந்த குளோரமைன் என்றால் அப்படிப் போகாது. இரண்டாவது, செம்பரம்பாக்கம், புழல், வீராணம், நெம்மேலி கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை என்று பல மூலங்களிலிருந்து வருகிற தண்ணீர் அது. கோடையில் பார்த்த எண் ஐப்பசி மழைக்குப் பிறகு இருக்காது. பருவம் மாறும்போதெல்லாம் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சொட்டு விடும் விதம்

தவறான எண்களுக்குக் காரணம் கிட் அல்ல, பெரும்பாலும் கை. சோதனைக் குழாயை முதலில் சோதிக்கப்போகிற தண்ணீராலேயே இரண்டு முறை அலசுங்கள். கோடு வரை ஊற்றும்போது கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்து, தண்ணீரின் வளைந்த மேற்பரப்பின் அடிப்பகுதி கோட்டைத் தொடுகிறதா என்று பாருங்கள். பாட்டிலைச் சாய்க்காமல் செங்குத்தாகக் கவிழ்த்துப் பிடித்தால்தான் சொட்டுகள் ஒரே அளவில் விழும். மூடியைப் போட்டுக் குலுக்குங்கள், விரலால் மூடி அல்ல. வியர்வை கூட அளவைக் கெடுக்கும்.

நிறத்தைப் பகல் வெளிச்சத்தில், அட்டையின் வெள்ளைப் பகுதி மேல் வைத்துப் பாருங்கள். இரவில் மஞ்சள் விளக்கில் பார்த்தால் அமோனியாவின் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றாகவே தெரியும். சொன்ன நேரம் காத்திருங்கள். ஐந்து நிமிடம் என்றால் ஐந்து நிமிடம். பாத்திரம் கழுவிவிட்டு அரை மணி கழித்து வந்து பார்த்த நிறத்துக்கு மதிப்பில்லை.

எல்லாவற்றிலும் அதிகம் சொதப்புவது நைட்ரேட் சோதனை. நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும் பொருள் இரண்டாவது பாட்டிலின் அடியில் தங்கிவிடும். அதை மேசையில் தட்டி, 30 விநாடியாவது பலமாகக் குலுக்கிவிட்டுத்தான் சொட்டு விட வேண்டும். பிறகு குழாயை ஒரு முழு நிமிடம் குலுக்க வேண்டும். சோம்பல்பட்டால் தொட்டியில் 40 இருந்தாலும் 5 காட்டும், நீங்களும் நிம்மதியாக இருப்பீர்கள்.

கிட்டையே சோதிக்க ஒரு வழி உண்டு. 1.63 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை ஒரு லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால் அது 1,000 பிபிஎம் நைட்ரேட். அதில் 20 மில்லியை மருந்துக்கடை சிரிஞ்சால் எடுத்து, மொத்தம் ஒரு லிட்டர் வரும்படி ஆர்ஓ தண்ணீர் சேர்த்தால் 20 பிபிஎம். இதைச் சோதித்தால் கிட் 20-க்கான நிறம் காட்ட வேண்டும். கிட் பழசாகிவிட்டதா என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஜிஎச், கேஎச் சோதனைகள் இதற்கெல்லாம் நேர் எதிர், சுலபம். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டு, குலுக்கி, நிறம் மாறும் வரை எண்ணுங்கள். கேஎச் நீலத்திலிருந்து மஞ்சளாகும், ஜிஎச் ஆரஞ்சிலிருந்து பச்சையாகும். எத்தனை சொட்டோ அத்தனை டிகிரி. தண்ணீரை 10 மில்லியாக எடுத்து விடையைப் பாதியாக்கினால் அரை டிகிரி வரை துல்லியம் கிடைக்கும்.

கலவைக் கணக்கு

எந்த எண் வேண்டும்? பலவகைச் செடிகளும் டெட்ரா, ராஸ்போரா போன்ற சின்ன மீன்களும் இருக்கப்போகிற தொட்டி என்றால் ஜிஎச் 5 முதல் 8, கேஎச் 3 முதல் 5 என்று வைத்துக்கொள்ளலாம். இது வசதியான இடம், சட்டம் அல்ல. கப்பி, மாலி, பிளாட்டி மட்டும்தான் என்றால் கடின நீரே அவற்றுக்குப் பிடிக்கும். செடியிலும் வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா போன்றவை பைகார்பனேட்டையே கார்பனாக எடுத்துக்கொள்ளத் தெரிந்தவை. போர் தண்ணீரில் தாராளமாக வளரும். இலங்கையிலிருந்து வந்த கிரிப்டோகொரைன் வெண்ட்டி, அப்புறம் அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் எல்லாம் எதையும் சகித்துக்கொள்ளும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ரோட்டாலா மேக்ரான்ட்ரா மட்டும் கடின நீரில் முகத்தைச் சுருக்கும். புதியவர்களுக்கு அந்தச் சிவப்புச் செடி மேல்தான் கண் போகும், என்ன செய்வது.

ஆகவே முதல் வழி: தண்ணீரை மாற்றாமல், தண்ணீருக்கேற்ற செடியையும் மீனையும் தேர்ந்தெடுப்பது. ஜிஎச் 15 வரை உள்ள போர் தண்ணீருக்கு இதையே நான் சிபாரிசு செய்வேன். செலவில்லை, வேலையில்லை, தண்ணீர் எப்போதும் ஒரே மாதிரி வரும்.

இரண்டாவது வழி ஆர்ஓ கலப்பது. வேண்டிய ஜிஎச்சிலிருந்து ஆர்ஓவின் ஜிஎச்சைக் கழியுங்கள். அதைப் போர் தண்ணீரின் ஜிஎச்சுக்கும் ஆர்ஓவின் ஜிஎச்சுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். வருவது போர் தண்ணீரின் பங்கு. போர் 20, ஆர்ஓ 1, வேண்டியது 6 என்றால், 5-ஐ 19-ஆல் வகுக்க 0.26. 100 லிட்டருக்கு 26 லிட்டர் போர், 74 லிட்டர் ஆர்ஓ. கேஎச்சையும் இதே பங்கில் கணக்கிட்டு, எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள்.

வீட்டு ஆர்ஓவில் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு திருகு இருக்கும். சுவைக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைக் கலந்துவிடுவது அதன் வேலை. உங்கள் ஆர்ஓ தண்ணீர் 150 டிடிஎஸ் காட்டினால் காரணம் அதுவாகவே இருக்கலாம். கேன் தண்ணீரும் பெரும்பாலும் ஆர்ஓ தண்ணீர்தான், ஆனால் கம்பெனி மாறினால் எண்ணும் மாறும். வெறும் ஆர்ஓவை மட்டும் தொட்டியில் நிரப்பவே வேண்டாம். கேஎச் பூஜ்யத்துக்கு அருகில் இருக்கும் தண்ணீரில் பிஹெச்சைத் தாங்க எதுவும் இருக்காது.

கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வருகிறவர்களுக்கு நிலைமை தலைகீழ். அது மென்மையான தண்ணீர், கூட்டத்தான் வேண்டியிருக்கும். 100 லிட்டருக்கு 3 கிராம் ஆப்பசோடா கேஎச்சை ஒரு டிகிரி உயர்த்தும். ஜிஎச்சை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 3 கிராம் ஜிப்சம் அல்லது 4.4 கிராம் எப்சம் உப்பு. முதலாவது கால்சியம், இரண்டாவது மக்னீசியம். கால்சியம் மூன்று பங்குக்கு மக்னீசியம் ஒரு பங்கு என்ற மாதிரி இரண்டையும் கலந்து போடுவது நல்லது. ஆப்பசோடாவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: தொட்டிக்குள் போடும் கல், மணல். கடற்கரை மணலில் கிளிஞ்சல் இருக்கும், அலங்காரக் கற்களில் சலவைக்கல் இருக்கும். ஒரு கல்லை எடுத்து மேலே வினிகர் விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு, தொட்டிக்குள் போனால் கரைந்துகொண்டே இருக்கும். இவ்வளவு கணக்குப் போட்டுக் கலந்த தண்ணீரை ஒரு வெள்ளைக் கல் கெடுத்துவிடும். அக்வா சாயில் எனப்படும் செடி மண் இதற்கு எதிர்த்திசையில் வேலை செய்யும். முதல் சில மாதங்கள் கேஎச்சைத் தானே குறைக்கும்.

மீன் விடும் முன்: சைக்கிள்

மீனின் கழிவும் மிச்ச உணவும் அமோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது செடிக்கு உணவு. இந்தச் சுழற்சியைத்தான் சைக்கிள் என்கிறோம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும் மண்ணிலும் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நம் ஊர் வெப்பத்தில் சற்று முன்பே முடியலாம்.

மீன் இல்லாமலே இதைச் செய்யுங்கள். 100 லிட்டருக்கு 0.6 கிராம் தூய அம்மோனியம் குளோரைடு போட்டால் சுமார் 2 பிபிஎம் அமோனியா வரும். நாட்டு மருந்துக் கடையில் நவச்சாரம் என்று கிடைப்பதும் இதே உப்புதான், ஆனால் அதன் தூய்மைக்கு உத்தரவாதம் இல்லை. ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடையில் வாங்குங்கள். அக்வா சாயில் போட்டிருந்தால் எதுவும் சேர்க்க வேண்டாம், முதல் வாரங்களில் அதுவே அமோனியாவை விடும். இரண்டு நாளுக்கு ஒரு முறை அமோனியாவையும் நைட்ரைட்டையும் எழுதி வாருங்கள். அமோனியா ஏறி இறங்கும், பின்னாலேயே நைட்ரைட் ஏறி இறங்கும். 2 பிபிஎம் போட்ட மறுநாள் இரண்டும் பூஜ்யம் காட்டினால் சைக்கிள் முடிந்தது. பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் விடலாம், ஒரே நாளில் எல்லாவற்றையும் அல்ல.

நடுவில் முன்னேற்றமே இல்லாமல் நின்றுபோனால் கேஎச்சைப் பாருங்கள். அமோனியாவை மாற்றும் வேலை கேஎச்சைத் தின்னும். கேஎச் தீர்ந்து பிஹெச் 6-க்கு அருகில் போனால் பாக்டீரியா மந்தமாகிவிடும். நண்பர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியின் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் வாரக்கணக்கில் நேரம் மிச்சம். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டுப் போட்டால் எந்தப் பயனும் இல்லை. குளோரின் தன் வேலையைச் செய்திருக்கும்.

செடி நெருக்கமாக நட்ட தொட்டியில் அமோனியாவைச் செடிகளே உறிஞ்சிவிடும்; நைட்ரைட் ஏறவே ஏறாமல் போகலாம். நல்லதுதான். வேகமாக வளரும் தண்டுச் செடிகளை முதல் நாளே நிறைய நடச் சொல்வது இதனால்தான்.

சிஓ2-வும் பிஹெச்சும்

கேஎச், கார்பன் டை ஆக்சைடு, பிஹெச் இந்த மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது தெரிந்துவிடும். கேஎச் 4 உள்ள தண்ணீரில் சிஓ2 30 பிபிஎம் கரைந்தால் பிஹெச் 6.6. கேஎச் 12 உள்ள தண்ணீரில் அதே 30 பிபிஎம் கரைந்தால் பிஹெச் 7.1. செடிக்கு இரண்டிலும் ஒரே தீனி. பிஹெச்சைத் துரத்தக் கூடாது என்று தொடக்கத்தில் சொன்னது இதற்குத்தான்.

சிலிண்டரோ, சிட்ரிக் அமிலமும் ஆப்பசோடாவும் போடும் பாட்டில் செட்டோ, எதில் சிஓ2 கொடுத்தாலும் அளக்க எளிய வழி இது: தொட்டித் தண்ணீரை ஒரு குவளையில் எடுத்து ஒரு நாள் திறந்து வைத்து பிஹெச் பாருங்கள். பிறகு சிஓ2 உச்சத்தில் இருக்கும்போது தொட்டியின் பிஹெச் பாருங்கள். வித்தியாசம் ஒன்று இருந்தால் சிஓ2 பத்து மடங்காகியிருக்கிறது, அது போதும். ஒன்றைத் தாண்டும்போது மீன் மேல் கண் வையுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் எண் என்ன சொன்னாலும் சரி, வாயுவை நிறுத்தி ஏர் பம்ப் போடுங்கள்.

சிஓ2 அளவை நிறத்தால் காட்டும் ட்ராப் செக்கர் என்ற சின்னக் குமிழைத் தொட்டிக்குள் மாட்டுவதும் நல்லது. ஆனால் அதற்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றக் கூடாது, சரியாக 4 டிகிரி கேஎச் உள்ள கரைசலை ஊற்ற வேண்டும். தொட்டியில் மரக்கட்டையிலிருந்து இறங்கும் அமிலமெல்லாம் இருக்கும், கணக்கைக் கெடுத்துவிடும். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து. அது ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகத்தான் காட்டும் என்பதை மனத்தில் வையுங்கள்.

சிஓ2 கொடுக்காத தொட்டியிலும் செடி பகலில் சிஓ2-வை இழுப்பதால் காலையில் பிஹெச் குறைவாகவும் மாலையில் கூடுதலாகவும் இருக்கும். எப்போதும் ஒரே நேரத்தில் சோதியுங்கள். காலை எண்ணையும் மாலை எண்ணையும் ஒப்பிட்டுக் கவலைப்பட ஒன்றுமில்லை.

உரம்

செடித் தொட்டியில் நைட்ரேட் பூஜ்யம் என்பது பாராட்டு அல்ல, பட்டினி. 10 முதல் 30 பிபிஎம் நைட்ரேட், 1 முதல் 2 பிபிஎம் பாஸ்பேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீன் கூட்டம் அதிகம், செடி குறைவு என்றால் எதுவும் போட வேண்டியிராது. செடி அடர்த்தியாகி, பழைய இலைகள் மஞ்சளாகி, நைட்ரேட்டும் 5-க்குக் கீழே காட்டினால் போடலாம்.

விலை உயர்ந்த பாட்டில்கள் இல்லாமலே இது முடியும். உரக்கடையில் 13-0-45 என்று கேட்டால் கிடைப்பது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். முதலாவதில் 50 கிராமை அரை லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரைத்து வைத்தால், 10 மில்லிக்கு 100 லிட்டரில் 6 பிபிஎம் நைட்ரேட் ஏறும், கூடவே 4 பிபிஎம் பொட்டாசியம். இரண்டாவதில் 10 கிராமை வேறொரு அரை லிட்டரில் கரைத்தால் 10 மில்லிக்கு 1.4 பிபிஎம் பாஸ்பேட். அதே அலமாரியில் இருக்கும் 19-19-19-ஐ மட்டும் தொடாதீர்கள். அதில் யூரியாவும் அம்மோனியமும் உண்டு. மாடித் தோட்டத்துக்கு அருமை, மீனுக்கு எமன்.

இரும்புச் சத்தைத் தனி பாட்டிலில் வையுங்கள். பாஸ்பேட்டோடு ஒரே பாட்டிலில் கலந்தால் இரண்டும் சேர்ந்து படிந்துவிடும். பிஹெச் 7-க்கு மேல் இருக்கும் நம் தொட்டிகளுக்கு இடிடிஏ வகை இரும்பு நிலைக்காது, டிடிபிஏ வகையைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக வளரும் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்பு போதவில்லை.

வாரா வாரம், அப்புறம் கோடை

தொட்டி நிலைப்பட்ட பிறகு தினமும் சோதிக்கத் தேவையில்லை. வாரம் ஒரு முறை நைட்ரேட், கேஎச். மாதம் ஒரு முறை ஜிஎச். புதிய மீன் விட்ட வாரத்திலும், ஏதாவது செத்துப்போனாலும் அமோனியா, நைட்ரைட். உரம் போடுகிற தொட்டியில் வாரம் பாதித் தண்ணீர் மாற்றுங்கள். மற்றவற்றில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு போதும். புதுத் தண்ணீரும் அதே கலவையில் இருக்க வேண்டும் என்பது எண்ணை விட முக்கியம். உள்ளூர்ப் பண்ணையில் போர் தண்ணீரிலேயே வளர்ந்த டெட்ரா உங்கள் ஜிஎச் 12-ல் சுகமாக இருக்கும். வாரத்துக்கு வாரம் 6-க்கும் 15-க்கும் இடையே ஆடும் தண்ணீரில் இருக்காது.

சித்திரை, வைகாசியில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரிக்குப் போகும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் தண்ணீர், 32-ல் சுமார் 7.3 மட்டுமே பிடிக்கும். தண்ணீர் மேல் படும்படி ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் அது குறைப்பது ஆவியாக்கித்தான்; தினமும் ஒன்றிரண்டு லிட்டர் போய்விடும். போவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் உள்ளேயே இருக்கும். குறைந்ததை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். ஜிஎச் 20 உள்ள போர் தண்ணீரால் வாரம் 10 லிட்டர் நிரப்பினால், 100 லிட்டர் தொட்டியில் வாரத்துக்கு 2 டிகிரி ஏறும். தண்ணீரைத் தவறாமல் மாற்றியும் ஜிஎச் ஏறிக்கொண்டே போகிறது என்பவர்கள் முதலில் இங்கே பாருங்கள்.

எண் எகிறினால்

அமோனியா சோதனை காட்டுவது மொத்த அமோனியா. அதில் எவ்வளவு விஷ வடிவில் இருக்கிறது என்பதை பிஹெச்சும் வெப்பமும் தீர்மானிக்கும். 30 டிகிரியில் பிஹெச் 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பிஹெச் 8 என்றால் 7 சதவீதத்துக்கு மேல், 8.5 என்றால் 20 சதவீதம். அதனால் போர் தண்ணீர்த் தொட்டியில் 0.5 காட்டினாலே அன்றே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், உணவை இரண்டு நாள் நிறுத்துங்கள், செத்த மீனோ அழுகிய இலையோ கிடக்கிறதா என்று தேடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு. மாதக்கணக்கில் தண்ணீரே மாற்றாத தொட்டி, கேஎச் பூஜ்யம், பிஹெச் 6, அமோனியா 4 என்று இருந்தால் அவசரப்பட்டுப் பாதியைப் போர் தண்ணீரால் நிரப்பாதீர்கள். பிஹெச் ஒரே நிமிடத்தில் 7.5-ஐத் தாண்டும், அதுவரை தீங்கில்லாமல் கிடந்த அம்மோனியம் விஷமாகிவிடும். பத்து சதவீதமாகச் சில மணி நேர இடைவெளியில் மாற்றி வாருங்கள், அல்லது பிஹெச் அதிகம் ஏறாதபடி ஆர்ஓ அதிகமுள்ள கலவையைப் பயன்படுத்துங்கள்.

நைட்ரைட் ஏறினால் தண்ணீர் மாற்றுவதோடு, 10 லிட்டருக்கு ஒரு கிராம் சாதாரண உப்பைக் கரைத்து விடுங்கள். குளோரைடு நைட்ரைட்டை மீனின் செவுள் வழியே நுழையவிடாமல் தடுக்கும். இந்த அளவு செடிக்கு ஒன்றும் செய்யாது.

நைட்ரேட் 80 என்று காட்டினால் பதற வேண்டாம். முன்பு சொன்ன 20 பிபிஎம் கரைசலால் கிட்டை ஒரு முறை சரிபார்த்துவிட்டு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்காக மாற்றி வந்தால் இறங்கிவிடும்.

கிட் பாட்டில்களின் மேல் திறந்த தேதியை ஸ்கெட்ச் பேனாவால் எழுதி, வெயில் படாத அலமாரியில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். சில பாட்டில்களில் அமிலம் இருக்கிறது. சோதித்த தண்ணீரைத் தொட்டியில் திரும்ப ஊற்றாமல் சிங்கில் கொட்டி, நிறைய தண்ணீர் விட்டு, குழாயையும் கையையும் கழுவிவிடுங்கள்.